1809 அரை டாலர்: விளிம்பில் இருப்பது நிஜ எக்ஸா, கீறலா?

அந்தக் கால அமெரிக்க அரை டாலர் வெள்ளிக்காசின் விளிம்பில் "ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்" என்று எழுத்துகள் பள்ளமாக ஓடும். 1809-ல் அடித்த சிலவற்றில் சொற்களுக்கு நடுவே எக்ஸ் (X) வரிசையோ நின்ற கோடுகளோ இருக்கும். சாதாரண விளிம்பைவிட இவற்றுக்கு விலை கூடுதல். அதனால்தான் ஊசியால் கீறிச் சேர்த்து விற்கிறார்கள்.

முதலில் எடை. 13.48 கிராம், தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். விளிம்பு முழுக்க ரீடிங் வரிகள் (நெருக்கமான நேர்க்கோட்டுப் பள்ளங்கள்) இருந்தால் அதற்கு மேல் பார்க்க வேண்டாம். அரை டாலருக்கு ரீடிங் வந்தது 1836-ல்தான்.

அடுத்து லூப், அதாவது கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடி. 10 மடங்கு போதும். யுஎஸ்பி மைக்ராஸ்கோப் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். வளைந்த விளிம்பில் அதன் ஃபோகஸ் நிற்காது. காட்டன் கையுறையும் எனக்குப் பிடிக்காது, வழுக்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு விரல் நுனியில் பிடித்தால் போதும், கீழே மெத்தென்ற துணி இருக்கட்டும்.

இனிமேல்தான் நிதானம் வேண்டும். பிலடெல்பியா நாணயச்சாலையில் காசின் இரு முகங்களை அச்சடிக்கும் முன்பே விளிம்பு எழுத்தைப் பதித்தார்கள். ஓர் எஃகுப் பட்டை அசையாமல் இருக்கும், எதிர்ப்பட்டை நகரும், நடுவே வெற்றுத் தகடு உருளும். இதுதான் காஸ்டைங் எந்திரம். பிறகு அச்சடி விழும்போது வெள்ளி வெளிப்பக்கம் பிதுங்கி, ஏற்கெனவே பதிந்த குறிகளை அங்கங்கே நசுக்கும். ஆகவே நிஜ எக்ஸும் பக்கத்து எழுத்தைப் போலவே மழுங்கி நசுங்கியிருக்கும். பின்னால் கீறியதில் ஓரம் கூர்மையாக நிற்கும், பிசிறு எழும்பியிருக்கும். பள்ளத்துக்குள் மட்டும் வெள்ளி பளபளக்கும்.

விளக்கை நேராகக் காட்டாதீர்கள். பக்கவாட்டில் தாழ்வாக வைத்துக் காசை மெல்லச் சுழற்றுங்கள். நிழல் விழுந்தால்தான் பள்ளத்தின் ஆழம் தெரியும். செல்போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது இன்னும் சுலபம்.

கடைசியாக ஒப்பீடு. ஒரே பட்டையில் உருண்ட காசுகளில் குறிகளின் இடைவெளியும் சாய்வும் ஒன்றுபோல இருக்கும். ஏலத் தளங்களில் சான்று பெற்ற காசின் விளிம்புப் படம் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் கீறியவன் இந்த இடைவெளியில்தான் மாட்டுவான்.

பிற்சேர்க்கை: எழுத்து தலைகீழாக இருக்கிறதே, போலியா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. எழுத்து பதித்த தகட்டை எந்தப் பக்கம் மேலாக வேண்டுமானாலும் அச்சில் வைத்திருப்பார்கள். சில எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தாலும் பயப்பட வேண்டாம், தகடு பட்டையில் வழுக்கினால் அப்படி ஆகும். விளிம்பை மறைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் காசு இருந்தால், உறையின் சீட்டில் விளிம்பு வகை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாதாரண 1809-க்கு உரிய விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.