ஜவ்வரிசியை ஆடவைக்கும் ஒலி

சேலத்து வீடுகளில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. ஆத்தூர்ச் சாலைப் பக்கம் போனால் குச்சிக்கிழங்கு மாவு மணிமணியாக உருண்டு களத்தில் காய்வதைப் பார்க்கலாம். பாயசத்துக்கு வாங்கியதில் ஒரு சிட்டிகை கிடைத்தால், ஒலியின் வேலையைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். சிறிய மணிகளாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். பெரியவை கனம், எழும்பாது.

கூடவே ஓர் எவர்சில்வர் கிண்ணம், பலூன், ரப்பர் பேண்ட், சாப்பாட்டுத் தட்டு, கரண்டி, இரண்டு முழம் நூல்.

படி 1. பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு, மீதியைக் கிண்ணத்தின் வாயில் மேளத்தோல் போல இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். சுருக்கம் கூடாது. மேலே பதினைந்து மணிகளைத் தூவுங்கள்.

படி 2. தட்டைக் கிண்ணத்துக்கு ஒரு சாண் மேலே, எதையும் தொடாமல் பிடித்துக் கரண்டியால் ஓங்கித் தட்டுங்கள். மணிகள் துள்ளும். தட்டு அதிர்ந்து பக்கத்துக் காற்றை நெருக்கியது. அது அடுத்த காற்றை நெருக்கியது. கடைசியில் பலூன் தோல் அதிர்ந்தது. ஆனால் தட்டருகே இருந்த காற்று பலூன்வரை வரவில்லை. பழைய பேருந்து நிலையக் கூட்டத்தில் பின்னால் ஒருவர் தள்ளினால் பஸ் படியில் நிற்பவர் தடுமாறுகிறாரே, அதுதான் கதை. தள்ளு வந்து சேரும், தள்ளியவர் வருவதில்லை.

படி 3. இப்போது குரல். இதை அக்கா மகளுக்குச் செய்துகாட்டியபோது நான் பெருமையாக ‘ஊ’ என்று கத்தினேன். மணிகள் சிதறின. “மாமா, நீங்கள் ஊதிவிட்டீர்கள்” என்றாள். உண்மைதான், மூச்சுக்காற்று தள்ளியதை ஒலியின் கணக்கில் எழுதக்கூடாது. ஆகவே மூச்சு மணிகள்மேல் படாதபடி முகத்தைக் கிண்ணத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே இறக்கி, வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். தாழ்ந்த சுருதியில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுங்கள்.

முதலில் மணிகள் சும்மா கிடக்கும். ஏதோ ஒரு சுருதியில் எல்லாம் சேர்ந்து குதிக்கும். அவசரப்படாமல் அந்த இடத்தைத் தேடிப் பிடியுங்கள், இந்தச் சோதனையின் உயிரே அதுதான். இழுத்துக் கட்டிய தோலுக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. உங்கள் குரல் அதனோடு பொருந்தினால் ஒத்ததிர்வு. சுருதி தப்பினால், எவ்வளவு சத்தமாக முனகினாலும் அந்த ஆட்டம் வராது. ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது அதிர்வெண் (ஹெர்ட்ஸ்). ஒவ்வோர் அதிர்வும் எவ்வளவு பெரியது என்பது வீச்சு. முன்னது சுருதியை மாற்றும், பின்னது சத்தத்தைக் கூட்டும். மனிதக் காது கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை.

படி 4. நூலின் நடுவில் கரண்டியைக் கட்டி, இரு முனைகளையும் ஆள்காட்டி விரல்களில் சுற்றிக் காதுகளை மெதுவாக அடைத்துக்கொள்ளுங்கள். குனிந்து, தொங்கும் கரண்டியை மேசை விளிம்பில் இடிக்க விடுங்கள். கோயில் மணி கேட்கும்! காற்றில் நாலாபக்கமும் சிதறும் ஆற்றலை நூல் நேராகக் காதுக்குக் கொண்டுவருகிறது.

படி 5. இதற்கு மழைக்காலம் வர வேண்டும். சேர்வராயன் மலைமேல் மின்னல் வெட்டியதும், வீட்டுக்குள் இருந்தபடியே இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். 3-ஆல் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும்.

சேலத்தில் 30 டிகிரி இருக்கும்போது காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். அதே வேளையில் ஏற்காட்டில் 20 டிகிரி என்றால் 343. அதற்குக் காரணம் மலையின் உயரம் அல்ல, குளிர். வகுப்பதற்கு இரண்டு ஊரிலும் 3 போதும்.