முட்டியை அளக்கப் போகிறீர்களா? முதலில் ஆளைச் சரியாகப் படுக்க வையுங்கள்

பிசியோதெரபி படித்த முதல் வருடம் வகுப்புத் தோழனின் முட்டியை அளந்தேன். குப்புறப் படுத்திருந்தபோது 115 பாகை மடங்கியது, மல்லாந்து படுத்தபோது 135. கோனியோமீட்டர்தான் (இரண்டு கைகள் உள்ள, கோணம் அளக்கும் கருவி) சரியில்லை என்று நினைத்தேன். உண்மையில் காரணம் ரெக்டஸ் ஃபெமோரிஸ். தொடையின் முன்பக்கத்தில் இருக்கும் அந்தத் தசை இடுப்பு, முட்டி இரண்டையும் தாண்டி ஓடுகிறது. குப்புறப் படுத்தால் இடுப்புப் பக்கமே இழுபட்டு நிற்கும், முட்டி மடங்க நீளம் மிஞ்சாது.

அதனால் முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க மல்லாந்த நிலைதான். தொடை வெளியே தெரிய ஷார்ட்ஸ் போடச் சொல்லுங்கள், கூச்சப்படுபவருக்கு மேலே ஒரு துணி. குதிகாலைப் படுக்கையிலேயே பிட்டம் நோக்கி இழுக்கட்டும், இடுப்பும் சேர்ந்து மடங்கும். கோனியோமீட்டரின் மையம் முட்டியின் வெளிப்பக்க எலும்பு மேட்டில். கருவியின் அசையாத கை கிரேட்டர் ட்ரோகாண்டரை (தொடை எலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கம் இருக்கும் புடைப்பு) நோக்கி, அசையும் கை வெளிக்கணுக்காலை நோக்கி. ட்ரோகாண்டர் தட்டுப்படவில்லையா? இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, காலை உள்ளும் வெளியும் உருட்டச் சொல்லுங்கள். கைக்கு அடியில் உருள்வது அதுதான்.

முட்டி எவ்வளவு நீள்கிறது என்று அளக்கக் கணுக்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். இல்லாவிட்டால் முட்டி பின்பக்கம் வளைவதைப் படுக்கை மறைத்துவிடும்.

அப்புறம் வலிமை. (புது எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என்றால் டாக்டரைக் கேட்காமல் அழுத்தவே கூடாது.) குவாட்ரிசெப்ஸுக்கு (முட்டியை நீட்டும் தொடை முன்தசைகள்) கட்டில் விளிம்பில் உட்கார வையுங்கள், பாதம் தரையைத் தொடக் கூடாது. தொடையின் கீழ்முனைக்கு அடியில் மடித்த துண்டு. காலை நீட்டச் சொன்னதும் சிலர் பின்னால் சாய்வார்கள். உடனே அதட்டாதீர்கள். தொடையின் பின்தசை இறுக்கமாக இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தபடி முட்டி முழுசாக நீளாது. அதைப் பலவீனம் என்று எழுதினால் தப்பு. கொஞ்சம் சாய விட்டுப் பாருங்கள்.

தசை வலிமைக்கு 0 முதல் 5 வரை கிரேடு போடுவோம். உங்கள் கை படாமல் ஈர்ப்பை எதிர்த்து முழுசாக நீட்டினால் கிரேடு 3. கணுக்காலுக்குச் சற்று மேலே கொடுக்கும் அழுத்தத்தைத் தாங்குவதைப் பொறுத்து 4, 5. அழுத்தும்போது முட்டி லேசாக மடங்கியே இருக்கட்டும். பூட்டிய முட்டியில் தசையின் வேலையை மூட்டே பார்த்துவிடும்.

உட்கார்ந்தபடி காலை நீட்ட முடியாத ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை நீங்கள் தாங்கிக்கொண்டு நீட்டச் சொல்லுங்கள். முழுசாக நீட்டினால் கிரேடு 2. தொடை உள்பக்கம் திரும்புகிறதா என்று கவனியுங்கள். திரும்பினால் கால் தானாக விழுந்து நீளும், குவாட்ரிசெப்ஸ் சும்மா இருக்கும்.

பின்தசையைக் கடைசியில் பாருங்கள், ஆள் ஒரே ஒரு தடவை குப்புறப் புரண்டால் போதும். பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கட்டும். முட்டியை மடக்கும்போது பிட்டம் எழும்பினால் பழைய ரெக்டஸ் ஃபெமோரிஸ்தான் இழுக்கிறது.

குறிப்பில் வெறும் 115 என்று எழுதாமல் ‘115, குப்புற’ என்று எழுதுங்கள். அடுத்த வாரம் வேறொருவர் மல்லாந்த நிலையில் அளந்துவிட்டு, ஏழு நாளில் 20 பாகை முன்னேற்றம் என்று கொண்டாடிவிடுவார்.