சிறந்த பாடல்கள் பட்டியல்: விமர்சகர்களைக் கூட்டி, வாக்கெடுத்து, எண்ணுவது எப்படி

கடந்த சில பத்தாண்டுகளின் தலைசிறந்த 100 பாடல்கள் என்று ஒரு பட்டியல் வெளியானால், சண்டையெல்லாம் முதல் பத்து இடங்களைச் சுற்றியே நடக்கும். அந்தப் பத்து இடங்களைத் தீர்மானித்ததோ பெரும்பாலும் யாரும் படிக்காத விதிமுறைகள்தான்: எத்தனை பேரிடம் கேட்டார்கள், ஒருவர் எத்தனை பாடல்களை எழுதலாம், முதலிடத்துக்கு எத்தனை புள்ளி. அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோன் 2004இல் 172 பேரிடம் வாக்கு வாங்கி 500 பாடல்களை வரிசைப்படுத்தியபோது பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' முதலில் நின்றது. 2021இல் 250க்கும் மேற்பட்டவர்களிடம் புதிதாகக் கேட்டார்கள். அரீத்தா ஃபிராங்க்ளின் பாடிய 'ரெஸ்பெக்ட்' முதலிடத்துக்கு வந்தது, டிலன் பாடல் நான்காம் இடத்துக்கு இறங்கியது, 500இல் 254 பாடல்கள் பழைய பட்டியலில் இல்லாதவை. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் வந்த புதுப் பாடல்கள் இதற்கு ஒரு காரணம். யாரிடம் கேட்டார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

எனவே முதல் வாக்குச்சீட்டு வந்து சேருமுன் விதிகளை எழுதிக் குழுவினர் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். சீட்டுகளைப் பார்த்த பிறகு மாற்றுகிற விதி எதுவானாலும், ஏதோ ஒரு பாடலுக்காக மாற்றியதாகத்தான் ஆகும்.

கால எல்லையும் வெளியீட்டு ஆண்டும்

தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் தேதியோடு குறியுங்கள். முடிவு நாள் வாக்கெடுப்புக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முந்தியதாக இருக்கட்டும். சென்ற மாதம் வந்த பாட்டு எல்லோர் காதிலும் ஒலித்துக்கொண்டிருக்கும். அது நிலைக்குமா என்பது அதற்குள் தெரியாது. ஆறாம் மாதத்தில் முதல் இருபதில் இருந்திருக்கக்கூடிய பாட்டு மூன்றாம் ஆண்டில் நூறுக்குள்ளேயே வராமல் போவது சாதாரணம்.

ஆண்டு எது என்பதில்தான் அதிகக் குழப்பம் வரும். ஒலிப்பதிவு பொதுமக்களுக்கு முதன்முதலில் கிடைத்த நாளே கணக்கு என்று வைத்துக்கொள்வது நல்லது. திரைப்பாடல் என்றால் படம் வெளியான நாளை விட்டுவிட்டுப் பாடல்கள் வெளியான நாளை எடுங்கள். டிசம்பரில் பாடலும் ஜனவரியில் படமும் வந்தால் ஆண்டே மாறிவிடும், சில நேரம் பத்தாண்டே மாறிவிடும். ஸ்ட்ரீமிங் செயலியில் தெரியும் ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். ரீமாஸ்டர் செய்த ஆண்டையோ தொகுப்பு ஆல்பம் வந்த ஆண்டையோ அது காட்டியிருக்கலாம். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் 12 எழுத்துகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டிலும் இதே பொறி இருக்கிறது. அதில் உள்ள இரண்டு ஆண்டு இலக்கங்கள் குறியீடு ஒதுக்கப்பட்ட ஆண்டைத்தான் சொல்கின்றன, பாடிய ஆண்டை அல்ல. கேசட் உறை, இசைத்தட்டு உறை, அக்காலப் பத்திரிகை விளம்பரம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால் ஆண்டை உறுதி செய்யலாம்.

அடுத்து, வாக்கு எதற்கு? மெட்டுக்கா, ஒலிப்பதிவுக்கா? ஒலிப்பதிவுக்கு என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். கவர் (வேறொருவர் மீண்டும் பாடியது), ரீமிக்ஸ், மேடைப் பதிவு ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவு. ஒரே மெட்டு இரண்டு மொழிகளில் வந்திருந்தால் அவையும் தனித்தனி. இரண்டையும் கூட்டினால் அந்தப் பாட்டுக்கு மட்டும் இரட்டை வாசல் திறந்ததுபோல் ஆகும். வரிகளும் பாடலின் பாதியல்லவா? சீட்டில் எந்தப் பதிவு என்று எழுதாதவரிடம் திருப்பிக் கேளுங்கள். நீங்களாக ஊகித்து நிரப்ப வேண்டாம்.

யாரைக் கேட்பது

நாற்பது முதல் எண்பது பேர் போதும். இருபத்தைந்துக்குக் கீழே போனால் பட்டியலின் பின்பாதி வெறும் இரண்டு வாக்குப் பாடல்களால் நிரம்பும். அங்கே 63ஆம் இடத்துக்கும் 88ஆம் இடத்துக்கும் பொருளே இருக்காது.

எண்ணிக்கையைவிட வயதைக் கவனியுங்கள். மாரிஸ் ஹோல்புரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், தமக்கு ஏறத்தாழ 24 வயதானபோது புகழ்பெற்றிருந்த பாடல்களையே மக்கள் அதிகம் விரும்புவதாகக் கண்டார்கள். விமர்சகர்களும் மக்கள்தான். பட்டியல் 1990 முதல் 2019 வரை என்றால், 1966இல் பிறந்தவர் தொடங்கி 1995இல் பிறந்தவர் வரை குழுவில் சீராகப் பரவியிருக்க வேண்டும். பத்தாண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு. நாற்பது பேரில் முப்பது பேர் ஐம்பதைக் கடந்தவர்கள் என்றால், முடிவு என்ன என்பதை எண்ணாமலே சொல்லிவிடலாம்.

வயதுக்கு அடுத்தது வகை. திரையிசை மட்டும் எழுதுபவர், நாட்டுப்புற இசையை ஆவணப்படுத்துபவர், ஹிப்ஹாப் எழுதுபவர், பக்திப் பாடல் அறிந்தவர், வானொலியில் பாடல் தேர்வு செய்பவர், ஒலிப்பொறியாளர் என்று கலந்து எடுங்கள். பாடகரையும் இசையமைப்பாளரையும் அழைக்கலாம், ஆனால் தாம் பங்குபெற்ற பாடலுக்கு அவர்கள் வாக்களிக்கக் கூடாது. இசை நிறுவனங்களுக்கு விளம்பரப் பணி செய்கிறவர்கள் வேண்டாம்.

வாசகர் வாக்கைக் கலப்பதானால் தனிப் பட்டியலாகவே வையுங்கள். பிபிசி உலக சேவை 2002இல் உலகின் முதல் பத்துப் பாடல்களை நேயர்களிடம் கேட்டது. அயர்லாந்தின் தேசபக்திப் பாடலான 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்', ஆதரவாளர்களின் மின்னஞ்சல் பிரசாரத்தால் முதலிடம் பெற்றது. இளையராஜாவின் 'ராக்கம்மா கையத்தட்டு' நான்காவது. அருமையான பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அப்படிப்பட்ட வாக்கெடுப்பு அளப்பது, யாருடைய ரசிகர்கள் வேகமாகத் திரள்கிறார்கள் என்பதை.

இரண்டு சுற்றுகள்

ஒரே சுற்றில் முடித்தால் வாக்குச் சிதறல் கொல்லும். ரோலிங் ஸ்டோன் 2021இல் ஒவ்வொருவரிடமும் 50 பாடல்கள் கேட்டது. கிட்டத்தட்ட 4,000 பாடல்கள் வாக்கு பெற்றன. 250 பேருக்கு 12,500 இடங்கள் என்று வைத்தால் பாடலுக்குச் சராசரி மூன்று வாக்குதான். இதில் அதிகம் அடிபடுபவர் நல்ல பாடல்கள் நிறைய வைத்திருக்கும் இசையமைப்பாளர். அவருடைய ரசிகர்கள் பத்துப் பேர் பத்துப் பாடல்களை எழுதுவார்கள், எதுவும் மேலே வராது. ஒரே ஒரு வெற்றிப் பாடல் கொடுத்தவருக்கு அத்தனை வாக்கும் ஒன்றிலேயே விழும்.

முதல் சுற்றில் ஆளுக்கு 30 பாடல்கள், வரிசை வேண்டாம். குறைந்தது மூன்று சீட்டுகளில் வந்த எல்லாப் பாடல்களும் நீள்பட்டியலுக்குப் போகட்டும். ஐம்பது பேர் குழுவில் 200 பாடல்கள் அளவில் நின்றால் சரியான நீளம்; 300ஐத் தாண்டினால் வாசலை நான்கு சீட்டுகளாக உயர்த்துங்கள். இந்த இரண்டு எண்களும் முன்கூட்டியே விதியில் இருக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் நீள்பட்டியலிலிருந்து மட்டும், ஆளுக்கு 20, வரிசையோடு. பட்டியலை அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வரிசையில் கலைத்து அனுப்புங்கள். முதல் சுற்றில் எது எத்தனை வாக்கு பெற்றது என்பதைச் சொல்லவே கூடாது.

குழுவினருக்கென்று வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். மூத்தவர் ஒருவர் "இந்தப் பாட்டு இல்லாத பட்டியலா?" என்று ஒரு வரி போட்டாலே பத்துச் சீட்டுகள் சாய்ந்துவிடும்.

புள்ளிக் கணக்கு

இங்கேதான் பாடல்களின் தலைவிதி இருக்கிறது. ஒரு உதாரணம்: முதல் பாடலை 6 பேர் முதலிடத்தில் வைத்தார்கள், வேறு யாரும் எழுதவில்லை. இரண்டாம் பாடலை 15 பேர் எழுதினார்கள், எல்லோரும் 13ஆம் இடத்தில். முதலிடத்துக்கு 20, கடைசிக்கு 1 என்று கொடுத்தால் 6 × 20 = 120, 15 × 8 = 120. சமம். இடத்தைப் பார்க்காமல் சீட்டுகளை மட்டும் எண்ணினால் 15க்கு 6 என்று இரண்டாவது வெல்லும். 1ஐ இடத்தின் எண்ணால் வகுத்துப் புள்ளி தரும் முறையில் முதலாவது 6, இரண்டாவது 1.15 மட்டுமே. சீட்டுகள் ஒன்றே, முடிவுகள் மூன்று.

எதைத் தேர்வது? 20 முதல் 1 வரை என்னும் முறையில் முதலிடம் கடைசி இடத்தைப் போல இருபது மடங்காகிறது. யாரும் தன் முதல் பாட்டை இருபதாவது பாட்டைவிட இருபது மடங்கு நேசிப்பதில்லை; பத்துக்குக் கீழே வரிசைப்படுத்துவதே பலருக்குக் குத்துமதிப்புதான். ஒவ்வொரு இடத்துக்கும் பத்துப் புள்ளி அடிப்படையாகக் கூட்டிவிடுங்கள்: முதலிடம் 30, இருபதாம் இடம் 11. இப்போது மேலே சொன்ன பாடல்கள் 180, 270 என்று பிரியும். பலருக்குப் பிடித்தது முன்னே நிற்கும், வெறியோடு நேசிக்கப்பட்டதும் பட்டியலில் இடம்பெறும். வில்லேஜ் வாய்ஸ் இதழின் பாஸ் அண்ட் ஜாப் வாக்கெடுப்பு வேறு வழியில் போனது: பத்து ஆல்பங்களுக்கு 100 புள்ளிகளை விமர்சகரே பிரித்துக் கொடுக்கலாம், ஒன்றுக்கு 30க்கு மேலும் 5க்குக் கீழும் கூடாது. தனிப்பாடல்களுக்கோ புள்ளியே இல்லை, பத்தும் சமம். தனிப்பாடல் வாக்கு ஏற்கெனவே சிதறிக் கிடக்கும் என்பதால் அந்த எளிமை தவறில்லை.

வரிசை போடாமல் வரும் சீட்டுக்குச் சராசரியைக் கொடுங்கள். மேற்கண்ட முறையில் பாடலுக்கு 20.5. பதினான்கு பாடல்களோடு நின்ற சீட்டில் 30இலிருந்து தொடங்கி 17வரை கொடுத்தால் போதும். மூன்று சீட்டுகளுக்குக் குறைந்த பாடல் இறுதிப் பட்டியலில் நுழையக் கூடாது. புள்ளி சமமானால் அதிகச் சீட்டுகள் பெற்றது முன்னே. அதுவும் சமமானால் அதிக முதலிடங்கள். பிறகும் சமமென்றால் இடத்தைப் பகிரட்டும்: உதாரணமாக இரண்டு பாடல்களுக்கும் 47ஆம் இடம், அடுத்தது 49.

கேட்டு முடிவு செய்யும் கட்டம்

இரண்டாம் சுற்றுக்கு முன் நீள்பட்டியலை முழுவதும் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். நினைவை வைத்து வாக்களித்தால் பல்லவிக்குத்தான் வாக்கு விழும். சரணமும் இடையிசையும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. 200 பாடல்கள், சராசரி நாலரை நிமிடம் என்றால் 15 மணி நேரம். ஒரு அமர்வில் 12 பாடல்களுக்கு மேல் வேண்டாம், ஆகவே 17 அமர்வுகள். நான்கு வார அவகாசம் கொடுத்தால் முடித்துவிடுவார்கள். இரண்டு வாரம் கொடுத்தால் பாதிப் பேர் கேட்காமலே சீட்டு அனுப்புவார்கள்.

ஒலி அளவைச் சமப்படுத்தாமல் வெவ்வேறு பத்தாண்டுப் பாடல்களை ஒப்பிடுவது வீண். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து மாஸ்டரிங் எனப்படும் இறுதி ஒலிச் சீரமைப்பில் ஒலியை நசுக்கிச் சத்தத்தைக் கூட்டும் போக்கு வலுத்தது. எண்பதுகளின் சிடி அதன் பக்கத்தில் சோனியாகக் கேட்கும். ஓரிரு டெசிபல் கூடுதலைக் காது 'சத்தம்' என்று உணராது, 'நன்றாக இருக்கிறது' என்றே உணரும். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ஒலியைச் சமப்படுத்தும் அமைப்பை இயக்க வேண்டும். ஸ்பாட்டிஃபை இயல்பாக −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துகிறது. கோப்புகளாகக் கேட்டால் சத்தமான பாடல்களைக் குறைத்து மற்றவற்றோடு இணையாக்குங்கள். மெதுவானதை உயர்த்தப் போனால் உச்சங்கள் சிதையும்.

கேட்கும் வரிசையும் ஏமாற்றும். பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கான வரிசை குலுக்கல் முறையில்தான் அமைகிறது. அப்படியிருந்தும் பிந்திய நாட்களில் வாசித்தவர்கள் மேலான இடம் பெற்றதை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தேர்ந்த நடுவர்களுக்கே இந்த நிலை என்றால், அகர வரிசையில் கேட்கும் விமர்சகரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கொரு வரிசை என்பது அதற்காகத்தான்.

எண்ணுவது

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வாக்குக்கு ஒரு வரி: 50 பேர் × 20 பாடல்கள் = 1,000 வரிகள். விமர்சகர் எண், இடம், பாடலின் முதலடி, படம் அல்லது ஆல்பம், பாடியவர், ஆண்டு, கடைசியில் நீங்களே கொடுக்கும் பாடல் எண். கூட்டல் எல்லாம் பாடல் எண்ணை வைத்தே நடக்கட்டும், பெயரை வைத்து அல்ல. ஒருவர் முதலடியை எழுதுவார், ஒருவர் பல்லவிக்கு முன் வரும் தொகையறாவை எழுதுவார், ஒருவர் சந்தி சேர்த்தும் ஒருவர் பிரித்தும் எழுதுவார். ஒரே பாட்டு நான்காக உடைந்து நான்கும் பட்டியலுக்கு வெளியே போகும். நூறாம் இடத்துக்குக் கீழே இருபது வரிகளைக் கண்ணால் பாருங்கள், உடைந்த பாடல்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். இன்னொருவர் மூலச் சீட்டுகளிலிருந்து தனியாக எண்ணி ஒப்பிட வேண்டும்.

எண்ணி முடித்ததும் ஆசிரியர் குழுவுக்குக் கை அரிக்கும். ஒரே இசையமைப்பாளருக்குப் பதினான்கு பாடல்கள், நாட்டுப்புற இசைக்கு ஒன்றுகூட இல்லை என்று தெரியும்போது இடம் மாற்றத் தோன்றும். ஒருவருக்கு ஐந்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு தொடக்கத்திலேயே இருந்திருந்தால் பயன்படுத்தலாம். இல்லையென்றால் பட்டியலைத் தொடாதீர்கள். விடுபட்டதாக நினைப்பவற்றைத் தரவரிசை இல்லாத தனிப் பெட்டியில், ஆசிரியர் தேர்வு என்று சொல்லியே போடுங்கள்.

குறிப்புகளும் வெளியீடும்

நூறு பாடல்களுக்கும் தலா 80 முதல் 120 சொற்களில் ஒரு குறிப்பு. அந்தப் பாடலை உயரத்தில் வைத்தவரிடமே எழுதக் கொடுங்கள். 'காலத்தால் அழியாத', 'மனதை வருடும்' போன்றவற்றை வெட்டிவிட்டு, காதால் சரிபார்க்கக்கூடிய ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்: எந்த நொடியில் தாளம் மாறுகிறது, எந்த வாத்தியம் இரண்டாம் சரணத்தில் மட்டும் வருகிறது, எந்தச் சொல்லில் குரல் இறங்குகிறது. பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் மூவர் பெயரும் கட்டாயம். முடிந்தால் வாசித்த கலைஞர்களின் பெயரும் வேண்டும்.

பட்டியலோடு குழுவினரின் பெயர்களையும், கால எல்லை, புள்ளி முறை ஆகியவற்றையும் ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள். தனிச் சீட்டுகளையும் வெளியிடுவது இன்னும் நல்லது; அதற்கான சம்மதத்தை அழைப்புக் கடிதத்திலேயே வாங்கிவிட வேண்டும். ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழை வந்தால் தேதியிட்டுத் திருத்துங்கள். பாடல் கால எல்லைக்கு வெளியே என்று பிறகு தெரிந்தால் அதை நீக்கி, கீழே உள்ளவற்றை ஒரு படி ஏற்றி, 101ஆவது பாடலை உள்ளே எடுங்கள். அதற்காகவே எண்ணிக்கையை 120 வரைக்கும் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும்.