சொகுசு காரை எடைபோடும்போது நேரும் தவறுகள்

சொகுசு கார் வாங்க நினைப்பவர் ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் நிறைகளையும் வலப்பக்கம் குறைகளையும் எழுதத் தொடங்கும்போதே முதல் தவறு நேர்ந்துவிடுகிறது. ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள வண்டியில் நிறையும் குறையும் தனித்தனி இடங்களில் இருப்பதில்லை. எந்தப் பாகம் முதல் நாளில் சுகம் தருகிறதோ, பெரும்பாலும் அதே பாகம்தான் ஆறாம் ஆண்டில் பணிமனை ரசீதாக வந்து நிற்கிறது. இதை விளக்க மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் போலப் பொருத்தமான வண்டி வேறில்லை. 1972 முதல் அந்தப் பெயரில் வரும் இந்தக் காரின் இப்போதைய தலைமுறை 2020-இல் ஜெர்மனியில் அறிமுகமானது. 2021 முதல் புனேவுக்கு அருகில் உள்ள சாக்கன் ஆலையில் இந்தியச் சந்தைக்காக ஒன்றுசேர்க்கப்படுகிறது. கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி இதன் போட்டியாளர்களுக்கும் பொருந்தும்.

ஏர் சஸ்பென்ஷனையே எடுத்துக்கொள்வோம். இரும்புச் சுருள் கம்பிகளுக்குப் பதிலாக, ரப்பரால் ஆன காற்றுப்பைகள் நான்கு மூலைகளிலும் வண்டியைத் தாங்குகின்றன. ஒரு கம்ப்ரசர் அவற்றில் காற்றை நிரப்புகிறது. உணரிகள் உயரத்தை அளந்தபடியே இருக்கின்றன. பின்னிருக்கையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தவருக்கு இந்த ஏற்பாட்டின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சாலையின் வெடிப்பும் பாலத்தின் இணைப்பும் காதுக்கு எட்டினாலும் முதுகுக்கு எட்டுவதில்லை. ஆனால் ரப்பர், கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் தேய்வதில்லை. வெயிலிலும் வெப்பத்திலும் வயதாகி, மடிப்புகளில் நுண்ணிய வெடிப்பு விடுகிறது. அங்கே காற்று மெல்லக் கசியத் தொடங்கினால், இழப்பை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓயாமல் உழைக்கிறது. நூறு ரூபாய்க் கசிவைக் கவனிக்காமல் விட்டால் ஆயிரம் ரூபாய்க் கம்ப்ரசரும் போகிறது என்று சொல்லலாம். இரண்டு தொகைக்கும் பின்னால் இன்னும் சில பூஜ்யங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நண்பர் ஒருவர் வாங்கவிருந்த, ஆறு வயதான ஒரு சொகுசு செடானைப் பார்க்க நான் உடன் சென்றிருந்தேன். விற்பவர் வண்டியைக் கழுவித் துடைத்து, என்ஜினை ஓடவிட்டு, எங்களுக்காகத் தயாராக வைத்திருந்தார். எல்லாம் சமமாகவே தெரிந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றபோது, போர்டிகோவில் அதே வண்டி இடது முன்மூலையில் சாய்ந்திருந்தது. மற்ற மூன்று சக்கரங்களுக்கு மேலே நான்கு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அந்த ஒரு மூலையில் ஒரு விரல் கூட நுழையவில்லை. ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரசர் முனகத் தொடங்கி, அரை நிமிடத்தில் வண்டி நிமிர்ந்துகொண்டது. என்ஜின் ஓடும் வண்டியைச் சோதிப்பது எவ்வளவு பயனற்றது என்பதை அன்று நேரில் கண்டேன். இரவு முழுதும் நின்ற வண்டியை, அதன் மீது யாரும் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு, எந்த நிறை நிலைக்கும், எந்த நிறை கரையும் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் கொடுப்பது. திடீரெனப் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணு ஏபிஎஸ் பிரேக் 1978-இல் எஸ் கிளாஸில் வந்தபோது அது பணக்காரர்களின் வசதி. 2019-இல் இந்தியாவில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமாகிவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் அதே காரில் வந்த ஏர்பேக்கின் கதையும் அதுவே. இன்று ஷோரூமில் நம்மை மயக்கும் பெரிய திரை, குளிரூட்டும் இருக்கை, முன்னால் செல்லும் வண்டியைக் கண்டு தானே வேகம் குறைக்கும் வசதி ஆகியவை, எஸ் கிளாஸின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு விற்கும் ஹூண்டாய் வெர்னா போன்ற கார்களின் உயர் வகைகளிலேயே ஏதோ ஓர் அளவில் கிடைக்கின்றன. விற்பனையாளர் அரை மணி நேரத்தைத் திரையின் முன்னால்தான் செலவிடுவார். ஆனால் அந்தத் திரைதான் எல்லாவற்றிலும் முதலில் பழசாகும் பொருள். பத்து வருடத்துக்கு முந்தைய கைபேசியை இன்று எடுத்துப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

கரையாத நிறைகள் விளம்பரத்தில் அவ்வளவாக வருவதில்லை. இரண்டு அடுக்குக் கண்ணாடி தரும் அமைதி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீண்ட இடைவெளி தரும் நிதானம், எட்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகும் இடுப்பு வலிக்காத இருக்கை ஆகியவற்றைச் சிறிய காரில் கொண்டுவர முடியாது. அவற்றுக்கு எடையும் நீளமும் வேண்டும். சென்னையிலிருந்து மதுரைக்கு மாதம் மூன்று முறை போய்வருபவருக்கு இவை காசு கொடுத்து வாங்கத் தக்கவை என்பதே என் கருத்து. நுங்கம்பாக்கத்துக்கும் அடையாறுக்கும் இடையே மட்டும் ஓட்டுபவர், சிக்னலில் நிற்பதற்காக அவற்றை வாங்குகிறார்.

இனி, எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி: மைலேஜ் எவ்வளவு? பெட்ரோல் எஸ் கிளாஸ் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 1,000 லிட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் ஆகும். மறுபுறம் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவீதம். 1.80 கோடி ரூபாய் வண்டிக்கு அது மட்டும் 36 லட்சம். வண்டியை விற்கும்போது அதைத் தனியாக யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இன்ஷூரன்ஸில் வண்டியின் மதிப்பைக் குறிக்கும் ஐடிவி, வழக்கமான அட்டவணைப்படி இரண்டாம் ஆண்டில் 20 சதவீதமும், ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் கழிந்துதான் கணக்கிடப்படுகிறது. சந்தை அதைவிடக் கருணை காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு கோடி கரையும் இடத்தைப் பார்க்காமல் ஒரு லட்சத்துக்குப் பேரம் பேசுவது, தலைவாசலைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குப் பூட்டுத் தேடுவதைப் போன்றது.

இந்த மைலேஜ் ஆசையின் இன்னொரு விளைவு, தேவையில்லாதவர்களும் டீசல் வண்டியை எடுப்பது. எஸ் கிளாஸின் டீசல் வகையான எஸ் 350டி-யில் உள்ள ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் உண்மையிலேயே அருமையானது. 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோடு நெடுஞ்சாலையில் சத்தமில்லாமல் இழுக்கும். ஆனால் அதன் புகைவழியில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பிடித்து வைத்த கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, சீரான வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது வரும் சூடு அதற்கு வேண்டும். தினமும் ஆறு கிலோமீட்டர் போய் நின்றுவிடும் வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை. வடிகட்டி அடைத்துக்கொள்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, உரிமையாளர் கம்பெனியைத் திட்டுகிறார். தவறு வண்டியில் இல்லை. நெடுஞ்சாலைக்கான என்ஜினைத் தெருவுக்கு வாங்கியதில் இருக்கிறது.

இன்ஷூரன்ஸைப் பிரீமியம் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடுவது, இந்த வகைக் கார்களில் மிக அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். ஒரு பம்பருக்குள் ரேடார், கேமரா, உணரிகள் என்று அடுக்கி வைத்திருக்கும் காரில், லேசான உரசல் கூட சிறிய கணக்கில் முடிவதில்லை. பேச்சுவழக்கில் பம்பர் டு பம்பர் எனப்படும் தேய்மானம் கழிக்காத பாலிசி இங்கே ஆடம்பரமன்று. ஆனால் வண்டிக்கு வயதாக ஆக அதைத் தர நிறுவனங்கள் தயங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சென்னைவாசிகள் இதோடு என்ஜின் பாதுகாப்பு இணைப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற கார்களில் பலவற்றின் என்ஜின்கள் வெள்ளத்தால் கெடவில்லை. தண்ணீர் வடிந்ததும் “ஓடுகிறதா பார்க்கலாம்” என்று பொத்தானை அழுத்தியதால் கெட்டன. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து மோதும்போது அதன் இணைப்புத் தண்டு வளைகிறது. அந்தச் சேதம் வெள்ளத்தால் நேரடியாக நேர்ந்ததன்று என்று சொல்லி, இணைப்பு இல்லாத பாலிசியில் கோரிக்கையை மறுக்க முடியும். மேலும், பல சொகுசு கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தரைக் கம்பளத்துக்கு அடியிலும் டிக்கியின் தரையிலும் இருக்கின்றன. என்ஜினைத் தண்ணீர் தொடாமலே வண்டி செயலிழக்க, உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் போதும்.

புதிய வண்டியின் மதிப்பு இப்படிச் சரிவதால், பழையதை வாங்குவதே புத்திசாலித்தனம் என்று பலர் முடிவுக்கு வருகிறார்கள். பாதி உண்மைதான். ஆனால் வண்டியின் விலை பாதியாகலாம். அதன் உதிரிபாகங்களின் விலை பாதியாவதில்லை. 45 லட்சத்துக்கு வாங்கிய பழைய எஸ் கிளாஸைப் பராமரிக்க, ஒன்றரைக் கோடிக் காருக்குரிய பணம்தான் வேண்டும்.

இங்கே அதிகம் ஏமாற்றும் சொல் ‘குறைந்த கிலோமீட்டர்’. எட்டு ஆண்டுகளில் 18,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, பெரும்பாலான நாட்கள் துணி போர்த்தி நின்ற வண்டி. நின்ற இடத்திலேயே பேட்டரி வடிந்திருக்கும், டயர் இறுகியிருக்கும், ரப்பர் வளையங்கள் காய்ந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2317 என்றிருந்தால் அது 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூக்கள் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் அது பழைய டயர்தான். கியர் ஆயிலை வாழ்நாள் முழுவதும் மாற்றவே வேண்டாம் என்று சொல்பவரிடம், யாருடைய வாழ்நாள் என்று கேட்கலாம். இவ்வகைக் கார்கள் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 கிலோமீட்டருக்கு மேல் ஆயிலை மாற்றப் பரிந்துரைக்கிறது.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்கச் சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுத்துப் பார்க்க வேண்டும். இருக்கையைத் துவைப்பவர்கள், சுருளுக்குள் இருக்கும் அந்தக் கடைசி முழத்தைத் துவைப்பதில்லை. அங்கே சேற்றின் கோடு தெரியும், சில நேரம் வாடையும் வரும். முன்னிருக்கைத் தண்டவாளத்தின் திருகுகளில் துரு இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

வெளிமாநிலப் பதிவெண் உள்ள வண்டியின் விலை கவர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. டெல்லித் தலைநகர வட்டாரத்தில் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, அந்த வயதை நெருங்கிய சொகுசு கார்கள் தெற்கே வரத் தொடங்கின; 2025-இல் நீதிமன்றம் அந்தத் தடையைத் தளர்த்தியது. புதுச்சேரி எண்ணோடு தமிழ்நாட்டில் ஓடும் கார்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்; தடையின்மைச் சான்று, இங்கே செலுத்த வேண்டிய வரி, ஆர்டிஓ அலுவலக அலைச்சல் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகும் விலை மலிவுதானா என்று கணக்கிட வேண்டும்.

டெஸ்ட் டிரைவில் நடக்கும் தவறு எளிமையானது: வாழ்நாள் முழுதும் பின்னிருக்கையில் உட்காரப் போகிறவர், அந்த இருபது நிமிடமும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டின் முழங்கால் வலிக்காரரை உடன் அழைத்துச் சென்று, அவர் நான்கு முறை ஏறி இறங்குவதைப் பார்ப்பது நல்லது. தாழ்வான செடானில் இறங்கி உட்காருவது எளிது. எழுந்து வெளியே வருவதுதான் சோதனை. சக்கர அளவையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். 255/50 ஆர் 18 டயரில் (255 மில்லிமீட்டர் அகலம், அதில் 50 சதவீதம் பக்கவாட்டு உயரம், 18 அங்குல வளையம்) சாலைக்கும் உலோக வளையத்துக்கும் இடையே ஏறத்தாழ 127 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது; அழகுக்காக 255/40 ஆர் 20 கேட்டால் அது 102 மில்லிமீட்டராகக் குறைகிறது. குறைந்த அந்த ஓர் அங்குலத்தின் அருமை, இரவில் மழைநீர் மூடிய பள்ளம் ஒன்றில் இறங்கும்போது தெரியும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டும். அடுக்ககங்களில் ஒரு காருக்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும். நீண்ட எஸ் கிளாஸின் நீளம் 5.289 மீட்டர், கண்ணாடிகளைச் சேர்க்காமலே அகலம் 1.95 மீட்டர். ஆக, மூக்கோ வாலோ ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக்கு 27 சென்டிமீட்டர் இடைவெளியில், அந்தக் கனத்த பின்கதவைத் திறந்து முழங்கால் வலிக்காரர் எப்படி இறங்குவார் என்பதை, தூணுக்கும் சுவருக்கும் நடுவே நின்று ஒருமுறை நடித்துப் பார்க்க வேண்டும்.