மலைநாட்டு ஈரத்தில் நின்றுபோன சாவி வாட்ச்: கழற்றி, கழுவி, எண்ணெய் விட்டு ஓட வைக்கும் முறை

மலையகத்தில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் நின்றுபோன வாட்ச் ஒன்று கிடக்கும். தாத்தா கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் கட்டியது, இந்தியாவிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்த எச்.எம்.டி, வெளிநாட்டு வேலைக்குப் போய்வந்த சித்தி வாங்கி வந்த சீக்கோ 5. "பழுதாப் போச்சு" என்று சொல்லித்தான் உள்ளே வைத்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலானவற்றில் ஒன்றும் உடைந்திருக்காது. உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், சாவி கொடுக்கும் திருகான கிரவுன் வழியாக ஈரம் இறங்கியிருக்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் மே தொடங்கினால் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழைதான். சுவரே வியர்க்கிற இடத்தில் ஒரு பழைய ரப்பர் வளையம் எத்தனை வருடம்தான் தாங்கும்?

ஆகவே சாமான் மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் முன் கழுவி எண்ணெய் விடப் பழகுங்கள். இங்கே சொல்வது கையால் சாவி கொடுக்கும் மெஷினுக்கு மட்டும். தானாகச் சாவி ஏறும் ஆட்டோமெட்டிக்கில் மேலே இன்னொரு அடுக்கு இருக்கிறது. அது இரண்டாம் பாடம்.

எந்த மெஷினில் பழகுவது?

தாத்தாவின் வாட்சில் தொடங்கவே தொடங்காதீர்கள். சீனத்து சீகல் எஸ்.டி 36 என்ற மெஷின் இணையக் கடைகளில் தனியாகவே கிடைக்கும். சுவிஸ் யூனிடாஸ் 6497-ஐப் பார்த்துச் செய்தது. அந்த 6497 பாக்கெட் வாட்சுக்கென்று உருவானது என்பதால் உறுப்புகள் எல்லாம் பெரிசு: குறுக்களவு 36.6 மில்லிமீட்டர், 17 கல் (பெரும்பாலும் சக்கர அச்சுமுனைகள் சுழலும் துளையுள்ள சின்னக் கற்கள்). கை நடுங்கினாலும் மன்னிக்கும். அதில் கை பழகிய பிறகு எச்.எம்.டிக்கு வாருங்கள். 1961-ல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அவர்களுடையது. ஜனதா போன்ற அவர்களின் சாவி வாட்சுகள் எளிய, உறுதியான மெஷின்கள். கழுவினால் நன்றி காட்டும்.

மேசை

நல்ல இடுக்கி ஒன்று, முனை தீட்டிய சிறிய ஸ்குரூ டிரைவர் மூன்று, கண்ணில் வைக்கும் லென்ஸ், மெஷினைப் பிடிக்கும் தாங்கி, முள் கழற்றும் கருவி, எண்ணெய் தொடும் ஊசி. இவற்றைக் கொழும்பு புறக்கோட்டையில் மணிக்கூட்டுச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், அல்லது இணையத்தில் எடுங்கள். காசு குறைவென்றால் மற்றதில் மிச்சம் பிடியுங்கள், இடுக்கியில் பிடிக்காதீர்கள். முனை சரியாகச் சேராத இடுக்கி, ஸ்குரூவைச் சுண்டி அடுத்த அறைக்கு அனுப்பிவிடும். தூசி ஊதுவதற்கு மருந்துக் கடையில் விற்கும் ரப்பர் குமிழ் போதும். வாயால் ஊதவே கூடாது, எச்சில் ஈரம் எஃகில் துருவாகும்.

சாரம் கட்டிக்கொண்டு உட்காருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை; கீழே விழுகிற ஸ்குரூ மடியில் தங்கும். ஸ்பிரிங் உள்ள உறுப்பைக் கழற்றும்போது மெஷினையும் இரண்டு கைகளையும் பெரிய கண்ணாடிப் பொலித்தீன் பைக்குள் வைத்துச் செய்தால், தெறிப்பது பைக்குள்ளேயே கிடக்கும். பனி இறங்கும் சாயங்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்ய வேண்டாம். கழற்றிய உறுப்புகளை மூடியுள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

முதலில் சாவியை இறக்குங்கள்

பின்மூடியைத் திறந்ததும் ஸ்குரூ டிரைவரை எடுக்கத் தோன்றும். பொறுங்கள். வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கில் கொஞ்சமாவது இறுக்கம் மிச்சமிருக்கும். அப்படியே, சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகடான பிரிட்ஜைக் கழற்றினால் சக்கரங்கள் ஒரே நொடியில் சுற்றிப் பல்லும் அச்சுமுனையும் போய்விடும். பெரிய ராட்செட் சக்கரத்தின் பல்லில் மாட்டி நிற்கும் சின்னக் கொக்கிதான் கிளிக். கிரவுனை இரண்டு விரலால் இறுகப் பிடித்து, அரைச் சுற்று சாவி கொடுப்பதுபோல் திருப்புங்கள். கிளிக் தளர்ந்ததும் மரக்குச்சியால் அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கிரவுனை விரலுக்கிடையில் மெல்ல மெல்லப் பின்னால் நழுவ விடுங்கள். அது சுழல்வது நிற்கும்வரை விடக்கூடாது.

அப்புறம் ஸ்டெம், அதாவது கிரவுனிலிருந்து உள்ளே போகும் தண்டு. எஸ்.டி 36-ல் அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ஸ்குரூ. ஒன்றிரண்டு சுற்று தளர்த்தினால் ஸ்டெம் வந்துவிடும். முழுக்கக் கழற்றினால் டயலுக்கு அடியில் உள்ள லீவர் விழுந்துவிடும், மறுபடி மாட்ட டயலையே எடுக்க வேண்டியிருக்கும்.

முள்ளைக் கழற்றும்போது டயல்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போடுங்கள், பால்மா பைக்கற்றிலிருந்து வெட்டிய துண்டு போதும். டயலின் கால்களைப் பிடிக்கும் இரண்டு ஸ்குரூக்கள் மெஷினின் பக்கவாட்டில் இருக்கும். இனி ஒவ்வொரு உறுப்பையும் எடுக்கும் முன் போனில் ஒரு படம். ஞாபகத்தை நம்பாதீர்கள்.

பேலன்ஸ்: மூச்சைப் பிடித்துச் செய்யும் இடம்

எல்லாவற்றிலும் முதலில் வெளியே வர வேண்டியது, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம், ஏனென்றால் எளிதில் கெடுவது அதுதான். அதைத் தாங்கும் பிரிட்ஜில் ஒரே ஒரு ஸ்குரூ. அதை எடுத்த பிறகு பிரிட்ஜ் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு தெரியும். அங்கே ஸ்குரூ டிரைவர் முனையை விட்டு லேசாகத் திருப்பினால் பிரிட்ஜ் கிளம்பும். இடுக்கியால் பிரிட்ஜை மட்டும் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். கீழே பேலன்ஸ் சக்கரம் ஹேர்ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு கூடவே வரும். எங்கேயோ மாட்டிக்கொண்டு வர மறுத்தால் இழுக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் இறக்கி, சிறிது சுழற்றி, பேலட்டின் (பேலன்ஸோடு கோத்து ஆடும் சின்னக் கவட்டை நெம்பு) கவட்டிலிருந்து விடுவித்துத் தூக்குங்கள். தலைகீழாகத் திருப்பி, பிரிட்ஜ் கீழே, சக்கரம் மேலே இருக்குமாறு மெத்தென்ற இடத்தில் வையுங்கள்.

லென்ஸில் அந்த ஹேர்ஸ்பிரிங்கைப் பாருங்கள். தலைமுடியைவிட மெல்லிய நீலமோ வெள்ளியோ ஆன சுருள், ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவே ஒரே இடைவெளி. வளையங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டில் ஒன்று: எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது காந்தம் ஏறியிருக்கிறது. ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்த வாட்ச் ஒரு நாளைக்கு நிமிடக் கணக்கில் முந்தி ஓடினால் பெரும்பாலும் இந்தக் காந்தம்தான் காரணம். காந்தம் நீக்கும் சிறு பெட்டி நமது 230 வோல்ட்டில் ஓடும்; பொத்தானை அழுத்திக்கொண்டே வாட்சை மெல்லத் தூரமாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேலட், சக்கரங்கள், பிறகு சாவிப் பகுதி

பேலட்டைக் கழற்றும் முன் அதன் வாலை இரு பக்கமும் மெல்லத் தள்ளிப் பாருங்கள். துள்ளி மறுபக்கம் போய் அடித்தால் ஸ்பிரிங்கில் இன்னும் சாவி இருக்கிறது, பழைய படிக்குத் திரும்புங்கள். சோம்பலாக நகர்ந்தால் சரி.

சக்கரங்களைப் பிடிக்கும் பிரிட்ஜுகளைக் கழற்றும்போது, கிரவுன் சக்கரத்தின் (கிரவுனின் திருப்பலை ராட்செட்டுக்குக் கடத்தும் சக்கரம்) ஸ்குரூ அசைய மறுக்கலாம். பல மெஷின்களில் அது இடது மரை. தலையில் மூன்று வெட்டு இருந்தால் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்று அடையாளம். வெட்டு ஒன்றுதான் இருந்தாலும், பலம் பிடிக்கும் முன் மறுபக்கம் ஒருமுறை முயலுங்கள்.

டயல் பக்கம் இருக்கும் சாவிப் பகுதிதான் நம் ஊர் வாட்சுகளின் நோய்வாய். ஸ்டெம்மின் கழுத்து, அதில் நகரும் சிறு பல்சக்கரமான பினியன், லீவர்கள், எல்லாமே எஃகு, எல்லாமே கிரவுனுக்கு அருகில். மழையில் நனைந்து கொழுந்து பறித்தவர் கட்டிய வாட்சைத் திறந்தால் ஸ்டெம்மைச் சுற்றிச் செம்மண் தூள் மாதிரித் துரு உதிரும். அந்தத் தூள் அங்கேயே நின்றால் பரவாயில்லை. ஆனால் அது எண்ணெயோடு கலந்து நடுச்சக்கரத்தின் அச்சுமுனைவரை போய், உப்புத்தாள்போல் தேய்க்கும். மேலோட்டமான துருவை எண்ணெய் தொட்ட கூர்க்குச்சியால் தேய்த்து எடுக்கலாம். குழி விழுந்த ஸ்டெம்மைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், மலிவான சாமான், புதிது போடுங்கள்.

கழுவுதல்

லைட்டரில் ஊற்றும் திரவம் வாங்குங்கள். பழைய ஜாம் போத்தல்கள் இரண்டு: ஒன்றில் முதல் கழுவல், இன்னொன்றில் அலசல். மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தேயுங்கள். பெற்றோலில் கழுவுவது பழைய வழக்கம். அது மேலே ஒரு படலம் விட்டுப்போகும், வேண்டாம். ஸ்பிரிட் வகைகள் பித்தளைச் சக்கரத்துக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பேலட் கற்களும் பேலன்ஸின் கல்லும் அரக்கில் ஒட்டப்பட்டவை, ஸ்பிரிட்டில் ஊறினால் அரக்குக் கரைந்து கல் கழன்றுவிடும். அந்த இரண்டையும் லைட்டர் திரவத்தில் முக்கி உடனே எடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில், முக்கியமாக லயத்தில், குளிருக்கு அடுப்பு அணைவதே இல்லை. இந்தத் திரவத்தின் ஆவி தீப்பிடிக்கும். அடுப்பும் குப்பி விளக்கும் இல்லாத அறையில், காற்றோட்டமாக, பகலில் செய்யுங்கள்.

கல் துளைகளுக்குத் தனி வேலை உண்டு. பல்குச்சியைப் பிளேடால் ஊசியாகச் சீவி, துளைக்குள் விட்டுச் சுழற்றுங்கள். கறுப்பாக வரும். முனையைச் சீவிவிட்டு மறுபடி. குச்சி சுத்தமாக வெளியே வரும்வரை விடாதீர்கள். போத்தலில் போட்டுக் குலுக்கினால் போதும் என்று இதைத் தாண்டிப் போகிறவர்களின் வாட்சுதான் ஆறு மாதத்தில் திரும்ப வருகிறது.

மெயின் ஸ்பிரிங் இருக்கும் பேரலை முதல் தடவையில் திறக்க வேண்டாம். சாவி முழுக்க ஏறியும் வாட்ச் அரை நாளில் நிற்கிறதென்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அப்போது புதிது வாங்கிப் போடலாம்.

மறுபடி பூட்டுதல்

பிரிட்ஜை வைத்து உடனே முறுக்காதீர்கள். எல்லாச் சக்கரங்களின் அச்சுமுனையும் அதனதன் கல்லுக்குள் இறங்க வேண்டும். பிரிட்ஜை விரலுறையோடு லேசாகத் தொட்டு, இடுக்கியால் சக்கரங்களை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே இருந்தால், சட்டென்று தானாகப் படியும். ஸ்குரூவைப் பாதி முறுக்கி, சக்கரம் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் மட்டும் மிச்சப் பாதி.

பேலட் போடும் முன் ஒரு சோதனை: கிரவுனை ஓரிரு பல் மட்டும் திருப்புங்கள். சக்கரங்கள் எல்லாம் சுற்றி, ஓய்கிற தருணத்தில், பேலட்டோடு கோக்கும் கடைசிச் சக்கரமான எஸ்கேப் சக்கரம் கொஞ்சம் பின்னோக்கித் திரும்பி நின்றால் எங்கேயும் உரசல் இல்லை. இடையில் திடுக்கென்று நின்றால் அழுக்கோ வளைவோ இருக்கிறது. எண்ணெய் விட்டு அதைச் சரிக்கட்ட முடியாது, மறுபடி கழற்றுங்கள்.

எண்ணெய்

குறைவுதான் சரி. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டையும் மறந்துவிடுங்கள். சுவிஸ் மோபியஸ் எண்ணெயில் இரண்டு வகை போதும்: வேகமாகச் சுற்றும் மெல்லிய அச்சுமுனைகளுக்கு 9010, மெதுவாகப் பாரம் தாங்கும் நடுச்சக்கரத்துக்கும் பேரல் அச்சுக்கும் தடித்த டி5. சாவிப் பகுதியின் எஃகு உரசும் இடங்களுக்குக் கொஞ்சம் கிரீஸ்; ஈரத்துக்கும் அதுவே காவல். கல்லின் குழியில் துளையைச் சுற்றி மெல்லிய வளையமாகத் தெரிந்தால் அளவு சரி, குழி நிரம்பி வழிந்தால் துடைத்துவிட்டு மறுபடி.

எண்ணெய் படக்கூடாத இடங்களும் உண்டு. சக்கரப் பற்கள், பேலட்டின் அச்சுமுனை, ஹேர்ஸ்பிரிங். பேலட் கல்லின் முகத்தில் மட்டும் ஊசிமுனை அளவு வைக்கலாம். அதற்கென்று 9415 என்று தனியே உண்டு.

பேலன்ஸை இறக்கும்போது அதன் கல் பேலட் கவட்டுக்குள் சரியாகப் புக வேண்டும். கொஞ்சம் சாவி ஏற்றியிருந்தால், சரியான இடத்தில் உட்கார்ந்த கணமே அது ஆடத் தொடங்கும். ஆட்டம் நிற்காமலே ஸ்குரூவை முறுக்குங்கள். முறுக்க முறுக்க ஆட்டம் குறைந்தால் உடனே தளர்த்துங்கள், அச்சுமுனை வெளியே இருக்கிறது.

நேரம் திருத்துதல்

டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால், அது கேட்கும் லிஃப்ட் கோணத்தை எஸ்.டி 36-க்கு 44 பாகை வையுங்கள். முழுச் சாவியில், டயல் மேலே பார்த்தபடி பேலன்ஸின் ஆட்ட வீச்சு 270 பாகை பக்கம் இருந்தால் உங்கள் கழுவல் தேறிவிட்டது. 200-க்குக் கீழே என்றால் கல் துளைகளுக்குத் திரும்புங்கள். கருவி இல்லாதவர்கள் போன் நேரத்தோடு வைத்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். பேலன்ஸ் மேல் உள்ள சிறு நெம்பை மயிரிழை அளவு நகர்த்தி, இன்னொரு நாள் பொறுத்திருங்கள். மணிக்கொரு தரம் நகர்த்தினால் எது எதனால் மாறியது என்றே தெரியாது.

மாற்றம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு

முள், டயல் மாற்றுவதுதான் நல்ல தொடக்கம். அடுத்தது சித்தியின் சீக்கோ 5. அதில் 7எஸ்26 மெஷின் இருந்தால் கையால் சாவி கொடுக்க முடியாது, கிரவுனை இழுத்தால் விநாடி முள்ளும் நிற்காது. அதே அளவில் வரும் என்.எச் 36 மெஷினில் இரண்டும் உண்டு, கிழமையும் தேதியும் கூட உண்டு. ஆனால் கிரவுன் 4 மணிப் பக்கம் இருக்கும் கேஸில் போட்டால் தேதி எழுத்து சாய்ந்து தெரியும். பழைய மெஷினின் தேதி, கிழமைத் தட்டுகளைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். ஸ்டெம்மை நீளமாகவே வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாருங்கள். பழைய மெஷினை வீசாதீர்கள். ஆட்டோமெட்டிக் பழக அதைவிட நல்ல மெஷின் கிடைக்காது.

எந்த வாட்சானாலும் மூடும் முன் பின்மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். கிரவுன் வளையமும் அப்படியே. ஓட்டைக் கிரவுனை வைத்துக்கொண்டு கழுவி எண்ணெய் விட்டால், அடுத்த மழைக்கு மறுபடி கண்ணாடிக்குள் பனி பிடிக்கும்.