யார்க் போனால் இந்தச் சின்னத் தேவாலயத்தில் செய்யக்கூடாதவை

இங்கிலாந்தின் யார்க் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மின்ஸ்டர் பேராலயத்தைப் பார்த்த கையோடு ரயிலேறிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். அங்கிருந்து சில நிமிட நடையில், குட்ராம்கேட் தெருவில், ஹோலி டிரினிட்டி என்ற சின்னத் தேவாலயம் இருக்கிறது. மின்ஸ்டரில் கட்டணம் உண்டு; இங்கே இல்லை, உண்டியலில் முடிந்ததைப் போடலாம்.

மேப்பில் வெறும் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். மிக்கில்கேட் தெருவிலும் ஒரு ஹோலி டிரினிட்டி உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். சரியான தெருவுக்கு வந்தாலும் அண்ணாந்து கோபுரத்தைத் தேடிப் பயனில்லை. கடைகளுக்கு நடுவே செங்கல் வளைவு வாசல் ஒன்று இருக்கும், அதற்குள்தான் வழி. அதை ஒட்டிய பழைய வீட்டு வரிசை 1316-இல் கட்டியது. பார்க்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். சன்னல் வெளிச்சத்தை நம்பித்தான் உள்ளே பார்க்க வேண்டும். 1470-களில் பங்குக்குரு ஜான் வாக்கர் கொடுத்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் கிழக்குப் பக்கம் இருக்கிறது, அதனால் காலை வெயில்தான் தோது. ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இடது ஓரத்தில் புனித ஜார்ஜ் டிராகனோடு மல்லுக்கட்டுகிறார்; வலது ஓரத்தில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கிறார் கிறிஸ்டோபர். நடுவில், இறந்த மகனைத் தாங்கிப் பிடித்திருக்கும் தந்தைக் கடவுள். என்னைக் கேட்டால், இதற்கு மட்டுமே பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

ஆனால் அண்ணாந்தபடியே நடக்காதீர்கள். தரை மேடும் பள்ளமும்தான்.

அப்புறம், கதவு வைத்த மரப்பெட்டி போன்ற இருக்கைகள். எல்லாரும் இவற்றை இடைக்காலத்தவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, 17, 18-ஆம் நூற்றாண்டு வேலை. குளிர்காற்று காலில் படாமல் குடும்பமாக உட்கார்ந்து பிரசங்கம் கேட்க வசதி. எந்தக் குடும்பம் எங்கே உட்காருகிறது என்பதில் கௌரவமும் இருந்தது. வெளியே நின்று எட்டிப் பார்ப்பதோடு முடித்துக்கொள்ளாமல், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள்.

திரும்பும்போது வாசலருகே வானவில் விளிம்பு வைத்த வட்டப் பலகையைத் தவறவிடாதீர்கள். 1834 ஈஸ்டர் அன்று ஆன் லிஸ்டர், ஆன் வாக்கர் என்ற இரு பெண்கள் இங்கே சேர்ந்து நற்கருணை பெற்று, அதையே தங்கள் திருமணமாகக் கொண்டார்கள். சாளரம் கொடுத்த வாக்கர் வேறு, இந்த வாக்கர் வேறு. இடையில் மூன்றரை நூற்றாண்டு.