தொடர் கொலையாளியின் மனதைப் படிப்பது எப்படி? குணப் பட்டியலைத் தள்ளிவைத்து வழக்கை ஆராயும் முறை

தனிமை விரும்பி, அதிபுத்திசாலி, சிறுவயதில் அடிபட்டு வளர்ந்தவன், விலங்குகளைத் துன்புறுத்தியவன், பார்த்தால் அப்பாவி. தொடர் கொலையாளிகளின் பொதுவான குணங்கள் என்று எங்கே தேடினாலும் இந்தப் பட்டியல்தான் வந்து நிற்கும். இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வழக்கைப் படித்தால் பட்டியலில் இருப்பது மட்டும்தான் கண்ணில் படும், மற்றது நழுவிவிடும். உளவியல் மாணவர்களும் குற்றச் செய்தி எழுதுபவர்களும் துப்பறியும் கதை எழுதுபவர்களும் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். குணத்திலிருந்து தொடங்கிச் செயலுக்குப் போகாதீர்கள். செயலிலிருந்து தொடங்கி, கடைசியாகக் குணத்துக்கு வாருங்கள்.

யாரைக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?

அமெரிக்காவில் 1998-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, மூன்று கொலைகளாவது இருந்தால்தான் தொடர் கொலை என்றது. 2005-ல் எஃப்.பி.ஐ. (அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு) கூட்டிய நிபுணர் மாநாட்டிலிருந்து வந்த வரையறைக்கு இரண்டு போதும்: தனித்தனி நிகழ்வுகளில், அதே ஆள் அல்லது அதே கூட்டாளிகள். ஒரே இடத்தில் ஒரே மூச்சில் பலரைச் சுடுவது இதில் சேராது. எந்த வரையறையை எடுத்தீர்கள் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். இரண்டு என்று வைத்தால் கூலிக்குக் கொல்பவனும் காப்பீட்டுப் பணத்துக்காக விஷம் வைப்பவளும் உள்ளே வருவார்கள். பாலியல் நோக்கம் உள்ளவர்கள் மட்டும் என்று குறுக்கினால் அவர்கள் வெளியே போய்விடுவார்கள். இரண்டு கட்டுரைகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசினால் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

காலவரிசைத் தாள்

எக்செல் ஷீட் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு கொலைக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். பத்திகள் (மேலிருந்து கீழாக வரும் காலம்கள், columns) இவை: தேதி, கிழமை, நேரம். அப்போது கொலையாளியின் வயது, வேலை, வீட்டில் உடன் இருந்தவர்கள். இறந்தவர் யார், இருவரும் எப்படி எதிர்ப்பட்டார்கள். கொன்ற முறை. உடலை என்ன செய்தான், யார் எப்போது கண்டெடுத்தார்கள். அன்றைக்குப் போலீசுக்கு என்ன தெரிந்திருந்தது. கொலை நடக்காத ஆண்டுகளுக்கும் வெற்று வரிசை விட வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த வெற்று வரிசைகளைத்தான், ஆனால் மனதைப் பற்றி அதிகம் சொல்வதும் அவைதான்.

கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் 10 பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடரை இப்படித் தாளில் இறக்கிப் பாருங்கள். 1974-ல் ஐந்து பேர், 1977-ல் இரண்டு, பிறகு 1985, 1986, 1991-ல் ஒவ்வொருவர். 1977-க்கும் 1985-க்கும் நடுவில் நீளமான வெற்றிடம். 1991-க்குப் பிறகு 2005-ல் கைதாகும்வரை ஒன்றுமே இல்லை. அந்த வெற்று வரிசைகளுக்குள் மனைவி, இரண்டு குழந்தைகள், நிலையான வேலை, தேவாலய நிர்வாகக் குழுத் தலைவர் பதவி எல்லாம் இருக்கின்றன. கொலை செய்யாத காலத்தில் கற்பனையும், இறந்தவர்களிடமிருந்து எடுத்துவைத்த பொருட்களும் அவனுக்கு மாற்றாக இருந்திருக்கின்றன. ‘ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது’, ‘குடும்பத்தோடு ஒட்டாத தனியாள்’ என்ற இரண்டு நம்பிக்கைகளும் இந்த ஒரு தாளிலேயே உடைந்துவிடுகின்றன.

அவன் பிடிபட்ட விதத்தையும் அதே தாளில் சேருங்கள். ஃப்ளாப்பி டிஸ்கில் கடிதம் அனுப்பினால் தன்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்று போலீசிடமே கேட்டான். முடியாது என்ற பதிலைச் செய்தித்தாள் விளம்பரம் வழியாகப் போலீஸ் தந்தது. அவன் அனுப்பிய டிஸ்கில், அழிக்கப்பட்ட ஒரு கோப்பின் மிச்சத்தில் தேவாலயத்தின் பெயரும் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் கிடந்தன. தொடர் கொலையாளிகள் உள்ளூரப் பிடிபடவே விரும்புகிறார்கள் என்றும் சொல்வதுண்டு. பிடிபட ஆசைப்படுபவன் முன்கூட்டி அப்படிக் கேட்டிருக்க மாட்டான். மேதையாக இருந்தால் அந்தப் பதிலை நம்பியிருக்கவும் மாட்டான். பல ஆண்டுகள் தப்பித்த தெம்பில் கவனம் தளர்வது தொடர் கொலை வழக்குகளில் திரும்பத் திரும்பக் காணக் கிடைப்பது.

நோக்கத்தை எழுதும்போது

கோபம், குற்றத் தொழில், பண லாபம், கொள்கை, அதிகாரமும் கிளர்ச்சியும், மனச்சிதைவு போன்ற கடும் மனநோய், பாலியல் என்று எஃப்.பி.ஐ. ஏழு வகை சொல்கிறது. ஒரு வழக்குக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரே ஆளிடம் இரண்டு மூன்று கலந்திருக்கும், ஒரு கொலைக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறவும் செய்யும்.

இங்கே பிரித்துப் பார்க்க வேண்டிய இரண்டு உண்டு. கொலையை முடித்துத் தப்பிக்கத் தேவையான செயல்கள் (கதவைத் திறக்கவைத்த விதம், கையுறை, கொண்டுவந்த கயிறு) செயல்முறை. தேவையே இல்லாமல் செய்தவை (உடலைக் குறிப்பிட்ட விதமாகக் கிடத்துவது, ஒரு பொருளை எடுத்துப்போவது) முத்திரை. செயல்முறை அனுபவத்தால் மாறும், முதல் கொலையில் தடுமாறியவன் மூன்றாவதில் தயாராக வருவான். முத்திரை அவன் மனத்தேவையைச் சேர்ந்தது, அதிகம் மாறாது. ஆனாலும் எல்லா வழக்கிலும் முத்திரை இருக்காது. இருந்தும், யாராவது குறுக்கே வந்ததால் முடியாமல் போயிருக்கலாம். இல்லாத முத்திரையைத் தேடிப் பிடிப்பது கதாசிரியர்களுக்குப் பழக்கம், ஆராய்பவருக்கு அது ஆகாது.

யார் சொன்ன தகவல் இது?

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அதன் மூலத்தைக் குறியுங்கள். குற்றம் வெளிவருவதற்கு முன்பே எழுதப்பட்ட பள்ளி, மருத்துவமனை, வேலைப் பதிவுகளுக்கு முதல் மதிப்பு. அடுத்தது நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையைத் தாண்டி நின்ற சாட்சியம். மனநல மதிப்பீட்டு அறிக்கை என்றால், அரசுத் தரப்பு கேட்டதா, எதிர்த்தரப்பு கேட்டதா என்று சேர்த்து எழுதுங்கள். கைதுக்குப் பிறகு அண்டை வீட்டார் சொன்னவை கடைசியில் வரும். நடந்தது தெரிந்தபின் பழைய நினைவுகள் தானாக நிறம் மாறிவிடும்.

கொலையாளியின் சொந்தப் பேச்சை எங்கே வைப்பது? வெளியில் இருந்து உறுதிப்படும்வரை அடியில்தான். அமெரிக்காவில் ஹென்றி லீ லூகாஸ் 1980-களில் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டான். சொன்ன தேதிகளில் வேறு மாநிலத்தில் வேலையில் இருந்த பதிவுகளெல்லாம் பிறகு வெளிவந்து அந்தக் கதைகள் சரிந்தன. ஸ்வீடனில் தாமஸ் குவிக் என்று தன்னை அழைத்துக்கொண்டவர் 8 கொலைகளில் தண்டிக்கப்பட்டார், 2013-க்குள் எட்டும் ரத்தாயின. மறுபுறம் சாமுவேல் லிட்டில். அவன் ஒப்புக்கொண்ட 93 கொலைகளில் 50-ஐ 2019-ல் எஃப்.பி.ஐ. உறுதிசெய்துவிட்டது. ஒப்புதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விசாரிப்பவருக்கே தெரியாத, பிறகு சரிபார்த்து உண்மை என்று தெரிந்த விவரம் அதில் உண்டா? எல்லா விவரமும் கேள்வியிலேயே இருந்திருந்தால் அந்த ஒப்புதலுக்கு மதிப்பில்லை.

இப்போது குணங்கள்

‘பெரும்பாலானவர்கள் குழந்தையில் கொடுமைக்கு ஆளானவர்கள்’ என்று படித்தால் உடனே ஒரு கணக்குப் போடுங்கள். கற்பனை எண்களையே வைத்துக்கொள்வோம். ஒரு கோடிப் பேரில் தொடர் கொலையாளிகள் 10 பேர், அவர்களில் 8 பேர் கொடுமைக்கு ஆளானவர்கள். மற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் அதே அனுபவம் என்றால், அது 10 லட்சம் பேர். ஆக, கொடுமைக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சத்தில் ஒருவர்தான் கொலையாளி. கொலையாளிகளிடம் அந்த அனுபவம் அதிகம் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது, கொடுமையிலிருந்து மீண்டு வாழும் லட்சக்கணக்கானவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கத்தான் அது உதவும். இந்த அநியாயம் தினமும் நடக்கிறது.

படுக்கையை நனைத்தல், தீ வைத்தல், விலங்குகளை வதைத்தல் என்ற மூன்று அறிகுறிகள் 1963-ல் ஜே. எம். மெக்டொனால்ட் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தவை. அவர் பார்த்தது, கொல்லப்போவதாக மிரட்டிய 100 மனநல நோயாளிகளை. தொடர் கொலையாளிகளை அல்ல. விலங்கு வதையும் தீ வைப்பும் பிற்கால வன்முறையோடு ஓரளவு தொடர்புள்ளவை, குழந்தைக்கு உதவி தேவை என்பதன் அறிகுறிகள். படுக்கை நனைத்தலை இந்த வரிசையிலிருந்து தூக்கிவிடுங்கள். அதற்கான காரணங்கள் பெரும்பாலும் உடல் வளர்ச்சியும் பரம்பரையும்தான்.

எஃப்.பி.ஐ. பேட்டி கண்ட 36 கொலையாளிகள் பற்றிய புகழ்பெற்ற ஆய்வை மேற்கோள் காட்டும்போதும் அது யாரைப் பற்றியது என்று எழுதுங்கள்: பாலியல் கொலை செய்து, பிடிபட்டு, பேசச் சம்மதித்த ஆண்கள். பெண் கொலையாளிகளுக்கோ மருத்துவமனைக் கொலையாளிகளுக்கோ இது பொருந்தாது. பெண்கள் கொல்வது பெரும்பாலும் தங்களுக்குத் தெரிந்தவர்களையும் தங்கள் பராமரிப்பில் இருப்பவர்களையும்தான், விஷமும் மருந்தும் அவர்களிடையே அதிகம். மூளை ஸ்கேன் ஆய்வுகளுக்கும் இதே எச்சரிக்கை. அட்ரியன் ரெய்ன் குழுவின் 1997 ஆய்வு, மனநிலை சரியில்லை என்று வாதிட்ட 41 கொலைக் குற்றவாளிகளைப் பற்றியது. தொடர் கொலையாளிகளின் மூளையைப் பற்றி அது பேசவே இல்லை.

சைக்கோபதியும் மனநோயும்

இவை இரண்டும் வேறு வேறு. மனச்சிதைவில் உண்மை நிலையோடு உள்ள தொடர்பு அறுபடுகிறது. சைக்கோபதியில் எது உண்மை என்பது தெளிவாகத் தெரியும், குற்ற உணர்வும் பிறர் வலி தைப்பதும்தான் இருக்காது. ஹெர்பர்ட் மல்லின் 1972-73-ல் 13 பேரைக் கொன்றான், பூகம்பத்தைத் தடுக்கவே கொன்றதாக நம்பினான். மனச்சிதைவு இருந்தும் ஜூரி அவனைச் சட்டப்படிப் பொறுப்புள்ளவன் என்றே தீர்ப்பளித்தது. மருத்துவக் கேள்வி வேறு, சட்டக் கேள்வி வேறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதாதீர்கள்.

சைக்கோபதியை அளக்க ராபர்ட் ஹேர் உருவாக்கிய அளவுகோலில் 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 40. வட அமெரிக்காவில் பொதுவாக 30 அல்லது அதற்கு மேல் வந்தால் சைக்கோபதி என்கிறார்கள். பயிற்சி பெற்றவர் நேரில் பேட்டி எடுத்து, ஆவணக் கோப்புகளையும் வைத்துச் செய்ய வேண்டிய மதிப்பீடு அது. ஆவணப்படம் பார்த்து மதிப்பெண் போடும் வேலை வேண்டாம். சைக்கோபதி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் கொல்வதில்லை, எல்லாத் தொடர் கொலையாளிகளுக்கும் சைக்கோபதி இருப்பதும் இல்லை.

ஊகச் சித்திரம் கெடுக்கும் இடங்கள்

கொலை நடந்த விதத்தை வைத்து, செய்தவன் இப்படிப்பட்டவன் என்று வரைவதுதான் ஊகச் சித்திரம். அதில் குற்றவாளியைத் ‘திட்டமிட்டவன்’, ‘ஒழுங்கற்றவன்’ என்று இரண்டாகப் பிரிக்கும் பழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. டேவிட் கேன்டரும் சகாக்களும் 2004-ல் 100 கொலைகளை வைத்துச் சோதித்தபோது அப்படி இரண்டு தனி வகைகள் தெரியவில்லை. திட்டமிடும் கூறுகள் பெரும்பாலான கொலைகளிலும் இருந்தன. 2002-ல் வாஷிங்டன் பகுதியில் 10 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோது பலரும் எதிர்பார்த்தது தனியாக அலையும் வெள்ளைக்காரனை, தேடியது வெள்ளை வேனை. பிடிபட்டவர்கள் 41 வயதுக் கறுப்பினத்தவர் ஒருவரும் 17 வயதுப் பையனும், வண்டி நீல நிற செவ்ரோலே கார். லண்டனில் 1992-ல் நடந்த ஒரு கொலையில் உளவியல் சித்திரத்தை நம்பி ஒரு அப்பாவியைச் சுற்றி வலை பின்னினார்கள். 1994-ல் நீதிபதி அந்த வழக்கைத் தூக்கி எறிந்தார். அதற்குள், 1993-ல், உண்மையான கொலையாளி ஒரு தாயையும் அவருடைய 4 வயது மகளையும் கொன்றுவிட்டான்.

தாளின் கடைசிப் பத்தி: ஏன் இத்தனை நாள் தப்பித்தான்?

தாளில் இன்னொரு பத்தி சேருங்கள். ஒவ்வொரு கொலைக்கும், அது கொலை என்றோ ஒரே ஆள் செய்தது என்றோ அன்றைக்கே ஏன் தெரியவில்லை என்று எழுதுங்கள். மனதைப் பற்றிய மொத்தப் பேச்சையும் விட அதிகம் விளக்குவது இந்தப் பத்திதான். அமெரிக்காவில் கேரி ரிட்ஜ்வே 49 கொலைகளில் தண்டனை பெற்றவன். பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் காணாமல் போனால் உடனே யாரும் புகார் தர மாட்டார்கள் என்பதால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்ததாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். லிட்டில் கொன்ற பெண்களில் பலருடைய மரணம் போதை மருந்தாலும் விபத்தாலும் நேர்ந்ததாகவோ, காரணம் தெரியாததாகவோ பதிவானது. இங்கிலாந்தில் டாக்டர் ஹெரால்ட் ஷிப்மேன் சுமார் 215 நோயாளிகளைக் கொன்றதாக விசாரணை ஆணையம் 2002-ல் முடிவு செய்தது. பெரும்பாலும் வயதான பெண்கள், வயதாகிவிட்டது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட மரணங்கள். மற்ற டாக்டர்களின் நோயாளிகள் இறந்த நேரம் நாள் முழுக்கப் பரவிக் கிடக்க, அவனுடைய நோயாளிகளின் மரணங்கள் பகல் 2 மணியை ஒட்டிக் குவிந்திருந்தன. அவன் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நேரம் அது. தாளில் ‘நேரம்’ என்ற பத்தியைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

மருத்துவமனை வழக்குகளில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். நெதர்லாந்தில் செவிலியர் லூசியா டி பெர்க், தன் பணிநேரத்தில் இத்தனை மரணங்கள் தற்செயலாக நேர 34.2 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்ற கணக்கின் நிழலில் 2003-ல் தண்டிக்கப்பட்டார். 2010-ல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். எந்த மரணம் சந்தேகத்துக்குரியது என்பதைத் தீர்மானித்தபோதே அவர் பணியில் இருந்தாரா என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, கணக்கு கெட்டது அங்கேதான். எனவே இரண்டு தாள்கள் போடுங்கள். பணிப்பட்டியலையே பார்க்காத ஒருவர், மருத்துவக் குறிப்புகளை மட்டும் வைத்து மரணங்களைப் பிரிக்கட்டும். அது முடிந்து கையெழுத்தான பிறகு இன்னொருவர் பணிநேரங்களை அதன் மேல் பொருத்திப் பார்க்கட்டும்.